ஸ்பிரிட் பஞ்சும் ஒரு நாள் பட்டினியும்

வந்ததும் காபி கொடுத்தீர்கள், வேண்டாம் என்றேன். பிஸ்கட் தட்டை நீட்டினீர்கள், அதையும் தள்ளி வைத்தேன். கிழவருக்கு நம்ம காபி பிடிக்கல போல என்று பின்வரிசையில் ஒரு பெண் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. உங்கள் காபி மேல் எனக்குக் கோபமில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சுகாதாரப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தரும்படி பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஊக்கம் தருவது எனக்கு வராது. கோபப்படத் தெரியும். இதோ இந்தச் சுவரில், கற்பதற்கு வயதே இல்லை என்று வண்ணத்தில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். எழுதியவருக்கு இருபத்தைந்து வயது இருக்குமா? வயது இருக்கிறது ஐயா. நாற்பத்தேழு வயதில் கண் மங்குகிறது, விரல் கனக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, அதற்குள் நமக்கு ஏதோ ஒரு வேலை மிக நன்றாகத் தெரிந்துவிடுகிறது. அதையெல்லாம் தூக்கிக்கொண்டேதான் கற்க வேண்டியிருக்கிறது. நான் கற்றேன். எப்படிக் கற்றேன் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. செஞ்சியில் நான் அம்மை குத்துகிறவன். பெரியம்மையை நீங்கள் யாரும் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கவும் வேண்டாம். அதற்குத் தடுப்பு மருந்து அம்மைப்பால். இடது கையில் ஒரு சொட்டு வைத்து, பல் பல்லாக உள்ள ஒரு சின்னத் திருகுக் கருவியை அதன் மேல் அழுத்தித் திருப்புவோம். ஏழெட்டு நாளில் அந்த இடத்தில் கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பினால் உயிருக்குக் காவல். எழும்பாவிட்டால் குத்தியது வீண். இருபத்திரண்டு வருடம் திருகினேன். நான் தெருவுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளியும். ஆனால் என் கை பட்ட இடத்தில் புண் வைத்துச் சீழ் பிடித்தது என்று யாரும் சொன்னதில்லை. ஏனென்றால் குத்துவதற்கு முன் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைப்பேன். மற்றவர்கள் சோம்பல் படுவார்கள், நான் பட மாட்டேன். அந்த ஸ்பிரிட் வாசனைதான் என் கௌரவம்.

அப்போதுதான் புது ஊசி வந்தது. நுனி இரண்டாகப் பிளந்த ஊசி. கவட்டை ஊசி என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். மருந்தில் நுனியைத் தோய்த்தால் பிளவுக்குள் ஒரு துளி நிற்கும். அதை நேராகப் பிடித்துப் பதினைந்து தடவை வேகமாகக் குத்த வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

எங்கள் மேலதிகாரி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரை எழுதவில்லை. போய்க் கேட்டேன்.

"நாப்பத்தஞ்சு தாண்டினவங்களுக்கு இது சரிப்பட்டு வராதுங்க. கை நடுங்கும். நீங்க ஆபீஸ்ல உக்காந்து ரிஜிஸ்டர் காப்பி பண்ணுங்க. வெயில்ல அலைய வேணாம்ல" என்றார். இளக்காரமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"சார், என் கை நடுங்கி நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்ப பாத்துட்டு எழுதுங்க."

மூன்று நாள் அவர் மேஜை முன்னால் நின்றேன். தொல்லை தாங்காமல் என் பெயரைக் கடைசியில் சேர்த்தார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு பெண். இருபத்து நாலு வயதிருக்கும். டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டேன், பெயரைக் கேட்க என் வீம்பு விடவில்லை. என் குத்து ஆழமாகப் போகிறது, திருகுகிற பழக்கம் மணிக்கட்டில் இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. இரண்டாவதாக ஒன்று சொன்னார்.

"ஐயா, ஸ்பிரிட் வேணாம். கை ரொம்ப அழுக்கா இருந்தா தண்ணில தொடைங்க. ஸ்பிரிட் ஈரத்துல பட்டா மருந்து செத்துடும்."

"அம்மா, நீ பேசக் கத்துக்கிட்ட காலத்திலேர்ந்து நான் தொடைக்கறேன். ஒரு மருந்தும் சாகல" என்றேன். மறுபடி வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை என் பக்கம். எனக்கு ஏக குஷி.

வீட்டில் என் மனைவியின் இடது கைதான் என் பள்ளிக்கூடம். மருந்தில்லாத ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு தினமும் உட்காருவேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு குத்துவேன்.

"இன்னாயா இது, என் கையி இன்னா ரவிக்கைத் துணியா? தையலு போட்டுக்கினே இருக்கற!" என்பாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டாள். இரண்டு வாரத்தில் மணிக்கட்டு அடங்கியது. பதினைந்து குத்தும் ஒரே ஆழம், ஒரு துளி ரத்தப் பொட்டு. பயிற்சித் தேர்வில் டீச்சரம்மா எல்லோருடைய ஸ்பிரிட் பாட்டிலையும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். தேறினேன். மேலதிகாரியின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

தளவானூர் பக்கத்தில் ஒரு சிற்றூரை எனக்குக் கொடுத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். நாங்கள் யாருமே அந்த ஊருக்குப் பல வருடம் ஒழுங்காகப் போகவில்லை. அதில் என் பங்கும் உண்டு. அதனால் ஊர்ப் பிள்ளைகள் நாற்பத்தோரு பேருக்குக் கையில் தழும்பே இல்லை. அது போக ஒரு வீட்டில் பெரியவர், சிறியவர் ஆறு பேருக்கும் இல்லை. அது நயினார் வீடு. தமிழ்ச் சமணக் குடும்பம், வேர்க்கடலையும் நெல்லும் வைக்கிற விவசாயி. என் வயதுதான். ஊரே அவரை நயினார் என்றுதான் கூப்பிடும். ஒரு எறும்பை மிதிக்க யோசிக்கிற வீடு. அம்மைப்பாலைக் கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்து எடுக்கிறார்கள் என்பதால் அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக அதைத் தொட விடவில்லை.

வாசலில் நின்றபடியே கேட்டார். "கன்னுக்குட்டிக்கு வலிக்குமா?"

"வலிக்கும்."

"அப்புறம் அது இன்னா ஆவும்?"

"எனக்குத் தெரியாது நயினாரே. நல்லது எதுவும் ஆவும்னு தோணல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தினி வருசமா வந்தவங்க எல்லாரும் மாட்டுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் நெஜத்தைச் சொன்னீங்க."

அவருக்கு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. தூணைப் பிடித்துக்கொண்டு என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு, "எத்தினி வாட்டி குத்தணும்?" என்றார்.

"ஒரே வாட்டி. என் கை தப்பாது. இன்னொரு வாட்டி குத்தணும்னு உங்க வாசல்ல வந்து நிக்க மாட்டேன்."

யார் கேட்டார்கள் அந்த வாக்கை? நானாகக் கொடுத்தேன். புதிதாகக் கற்ற திமிர்.

சம்மதித்தார். மனம் மாறிவிடப் போகிறாரே என்று முதலில் அவர் வீட்டில் ஆறு பேருக்கும் குத்தினேன். பாவம் ஒன்றில் பங்கெடுத்திருக்கிறோம் என்று அன்று முழுவதும் அவர் உண்ணாமல் இருந்தார். அந்தக் கன்றுக்குட்டிக்காக. சாயங்காலம் நான் ஊரை முடித்துத் திரும்பும்போது, காய்ச்சின தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஏழாம் நாள் கொப்புளம் பார்க்கப் போனேன். ஊருக்குள் நுழையும்போதே கண்ணில் பட்டது. கிணற்றடி வீட்டில் வேப்பிலை செருகியிருந்தார்கள். வெளியூரில் வேலை செய்யும் அந்த வீட்டு மருமகன் இரண்டு நாளைக்கு முன் காய்ச்சலோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறான். முதல் நாள் இரவு உடம்பெல்லாம் முத்துப் போட்டுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தேன். பெரியம்மைதான், சந்தேகமே இல்லை. ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அந்த வீட்டுக்குள்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நயினார் மகள் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து, அவன் வாங்கி வந்த பொரி உருண்டையைத் தின்றிருக்கிறாள்.

நல்ல வேளை, எல்லோருக்கும் குத்திவிட்டோமே என்று நினைத்துக்கொண்டு அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மழமழவென்று இருந்தது. அவள் அம்மா கையில் இல்லை. நயினார் கையில் இல்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, ஓடினேன் என்றே சொல்லலாம். நாற்பத்தேழு பேரில் கொப்புளம் எழும்பியது ஒன்பது பேருக்கு.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நோய் பட்ட மூன்று நாளுக்குள் மறுபடி குத்தினால் காப்பாற்றலாம். ஆனால் எது தப்பாய்ப் போனது என்று தெரியாமல் குத்தினால் அதுவும் வீணாகும். ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்து, அந்த ஒன்பது பேர் யார் யார் என்று எழுதினேன். ஏழு பேர் கீழத்தெருவின் கடைசி வீடுகள். அன்று நான் கடைசியாகப் போனது அங்கேதான். மற்ற இரண்டும் பயல்கள். துடைத்துவிட்டு ஊசியைத் தோய்ப்பதற்குள் கையை உதறிக்கொண்டு ஓடி, என்னை ஊரைச் சுற்றவிட்டுப் பிடிபட்டவர்கள். கீழத்தெருவுக்குப் போகும்போது என்ன நடந்தது? ஸ்பிரிட் பாட்டில் காலியாகிவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. திருகுக் கருவியைத் தயார் செய்து, சொட்டு வைப்பதற்குள் பழைய நாளில் ஸ்பிரிட் காய்ந்துவிடும். புது ஊசி வேகமானது. துடைத்த ஈரம் காயும் முன்னே பதினைந்து குத்தும் முடிந்திருக்கிறது. அந்த ஈரத்திலேயே மருந்து செத்துப்போயிருக்கிறது. டீச்சரம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்திருக்கிறது. ஸ்பிரிட் வாசனை இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்று பாட்டிலைப் பையில் போட்டவன் நான்தான். ஆனால் துடைத்தேன் என்பது எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக இல்லை. இருபத்திரண்டு வருடத்துக் கை, என்னைக் கேட்காமல் துடைத்திருக்கிறது. என் வேலையில் நான் பெருமையாக நினைத்த ஒரே பழக்கம் நாற்பது உயிரை அம்மையின் வாயில் வைத்துவிட்டது. அந்த மரத்தடியில் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

செஞ்சிக்கு ஓடினேன். மேலதிகாரியிடம் மருமகனுக்கு அம்மை என்பதையும், முப்பத்தெட்டு பேருக்கு எழும்பவில்லை என்பதையும் சொன்னேன். அவர் பதறிப்போனார். ஆனால் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"மருந்து கெட்டுப்போச்சுன்னு எழுதிடுங்க. வெயில்ல பஸ்ல போனா கெடத்தான செய்யும்? புது மருந்துக்கு நான் கடுதாசி அனுப்பறேன்."

"வர்றதுக்கு எத்தினி நாளாவும் சார்?"

"நாலஞ்சு நாள் ஆவும்."

நாலைந்து நாள். அதற்குள் அந்தக் குழந்தையைக் காப்பாற்றும் மூன்று நாள் கடந்துவிடும். பொய் சொன்னால் என் வேலை தப்பும். உண்மையைச் சொன்னால் அதே மருந்தை மறுநாள் காலையே எடுத்துப் போய்க் குத்தலாம். தம்பிகளே, நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி உங்களுக்கு நிறையப் பாடம் எடுப்பார்கள். அன்று என் முன்னால் இருந்தது இவ்வளவுதான்.

"மருந்து நல்லா இருக்குது சார். கெட்டது என் கை. ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சிட்டேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப நான் சொன்னது சரியாப் போச்சுல்ல? வயசானா புதுசு ஏறாது."

"ஏறிடுச்சு சார். பழசு எறங்கல. அதுக்கு நாளைக்கி ஒரு நாள் குடுங்க. அப்புறம் நீங்க இன்னா வேணா எழுதிக்கோங்க."

கொடுத்தார். வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம். இரண்டு பஸ் மாறினேன், இரண்டு மைல் நடந்தேன், மறுநாள் காலை வெயில் ஏறுமுன் நயினார் வாசலில் நின்றேன். வந்து நிற்க மாட்டேன் என்று சொன்ன அதே வாசலில்.

"மருந்து வேலை செய்யல. தப்பு என்னுது. மறுபடி குத்தணும்" என்றேன்.

"இன்னா தப்பு?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. டீச்சரம்மாவைக் கிண்டல் செய்ததைக்கூடச் சொன்னேன். உள்ளே அவர் மனைவி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இந்த வாட்டியும் தப்பாதுன்னு இன்னா நிச்சயம்?"

"என் வாக்கை இனிமே நீங்க நம்ப வேணாம். இந்தாங்க." பழக்கத்தில் மறுபடி நிரப்பியிருந்த ஸ்பிரிட் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இது என்கிட்ட இருந்தா கை தானா போவும். இது உங்ககிட்ட இருக்கட்டும்."

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மொத வாட்டி அந்தக் கன்னுக்குட்டிக்காக நான் ஒரு நாள் சாப்பிடாம இருந்தேன். இது ரெண்டாவது வாட்டி. இது உங்க தப்பு. இன்னிக்கு நீங்க இருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் சமணனா? எனக்கெதற்கு நோன்பு? வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

"இருக்கேன்."

"காய்ச்சின தண்ணி குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மகளைத் தூக்கி வந்து என் முன்னால் உட்கார வைத்தார்.

முப்பத்தெட்டு பேர். குழந்தையின் கையைப் பிடித்ததும் என் வலது கை தானாகப் பையை நோக்கிப் போயிற்று. அங்கே பாட்டில் இல்லை. அடுத்த பிள்ளைக்கும் போயிற்று. பத்துப் பேர் வரை போய்க்கொண்டே இருந்தது. பசி வந்ததும் ஒரு அதிசயம் நடந்தது. வயிறு கடிக்கும்போதெல்லாம் ஏன் பட்டினி கிடக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது, கை நின்றது. இருபதாவது பிள்ளைக்கு மேல் கை பையைத் தேடவில்லை. பதினைந்து குத்து, ஒரு பொட்டு ரத்தம், அடுத்த ஆள். நயினாரின் மனைவி இரண்டு தடவை செம்பில் தண்ணீர் அனுப்பினார். கடைசி ஆளை முடித்தபோது என் கால் தள்ளாடியது, கை தள்ளாடவில்லை.

ஏழு நாள் கழித்துப் போனேன். முப்பத்தெட்டு கையிலும் கொப்புளம். நயினார் மகள் அப்பாவிடம் தன் கையைக் காட்டி, "நைனா, அரிக்குது" என்று அழுதாள். அதைவிட இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. அடுத்த மூன்று வாரம் அந்த ஊரில் யாருக்கும் அம்மை வரவில்லை. மருமகன்கூட முகம் நிறையத் தழும்போடு பிழைத்துக்கொண்டான்.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். வயது காரணமாகப் புதிய முறைகளைக் கற்க இயலாதவர் என்று டைப் அடித்த தாள் மேஜையில் இருந்தது. "கிழிச்சுடலாம்ங்க" என்றார்.

"கிழிக்காதீங்க சார். கீழ எனக்கு ஒரு வரி எழுத எடம் குடுங்க."

எழுதினேன். 'நாற்பத்தேழு வயதில் கற்றேன். இரண்டாவது முறையில்.' கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் இன்னும் ஏதாவது கோப்புக் கட்டுக்குள் இருக்கும். தேடிப் பாருங்கள்.

நயினார் அந்தப் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அவர் கொடுத்த பழக்கத்தை நான் விடவில்லை. ஓய்வு பெறுவதற்குள் இன்னும் மூன்று புது வேலைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் முதலில் தப்பு செய்தேன். செய்த தப்புக்கு ஒரு நாள் பட்டினி கிடந்தேன். மூன்றும் எனக்கு நன்றாகத் தெரியும். உங்களில் யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம்.

இப்போது காபி விஷயம். என் மனைவிக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. தினமும் இன்சுலின் போட வேண்டும். நான் தோலைக் குத்தியே வாழ்ந்தவன், தோலுக்கு அடியில் மருந்து ஏற்றும் ஊசி போட்டதே இல்லை. உங்களுக்கு எழுபத்து நாலு வயசு, எதுக்கு வம்பு, ஒரு நர்ஸை வைத்துக்கொள்ளலாம் என்று மகன் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். வீட்டை விட்டுப் போடா என்றேன். "மறுபடியும் என் கையாயா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கையை நீட்டினாள். இன்று காலை மணிக்கட்டு பழைய ஞாபகத்தில் திரும்பிவிட்டது. அவள் கை நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது.

அதனால் இன்று நான் எதுவும் சாப்பிடவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்குச் சரியாகப் போடுவேன்.